தினை

ஜெனரேட்டர் உயிர்பிடிக்க மூன்று இழுப்பு போதும்.
அன்று ஏழு.
ஜூலை. மொகோட்லோங் மலையில்
பனி சாலையை மூடி ஐந்தாம் நாள்.
குதிரையில் வந்தாள் என்தபெலெங்.
அவள் இறங்கிய பின்தான் தெரிந்தது
போர்வைக்குள் இன்னொருத்தி இருப்பது.

பதிவேட்டுக்காகப் பெயர் கேட்டேன்.
மொசெலன்ச்சா.
நாயின் வால் என்று அர்த்தம்.
முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை;
இதையாவது சாவு அருவருத்து
விட்டுப் போகட்டுமென்று வைத்த பெயர்.
வயது இரண்டு. எடை ஏழு கிலோ நூறு.
தராசின் தகரத் தொட்டியில் கிடத்தினேன், அழவில்லை.
அழாத குழந்தையைத்தான்
நாங்கள் முதலில் உள்ளே எடுப்போம்.

இருமலா?
இல்லை.
சளி?
இருந்தாலும் விழுங்கிவிடும். துப்பத் தெரியாத வயசு.
தூக்கம், என்றாள்.
மூன்று வாரமாகத் தூக்கம்.
கீழே கிளினிக்கில் இரண்டு முறை காய்ச்சல் மருந்து கொடுத்தார்கள்,
பாட்டிலின் நிறம் மட்டும் மாறியது.
பிறகு வாந்தி.
பிறகு, சொல்லத் தயங்கியது:
"பார்க்கிறாள். ஆனால் என்னை இல்லை."

நான் படம் பிடிப்பவன், வைத்தியன் இல்லை.
மூச்சைப் பிடி என்று பெரியவர்களிடம் சொல்வேன்.
இவளிடம் என்ன சொல்ல?
இரண்டு மூச்சுக்கு நடுவே ஒரு சின்ன இடம் உண்டு,
அதற்குக் காத்திருந்து அமுக்கினேன்.

ஈரம் காயாத படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினோம்.
தினை.
இரண்டு நுரையீரலிலும்
ஒரு விரற்கடை விடாமல்
கைப்பிடி கைப்பிடியாய் வீசினாற்போல்,
ஒரே அளவு, ஒரே வெள்ளை.
எங்கள் பாடப் புத்தகத்திலும் அதற்கு அந்தப் பெயர்தான்.

என்தபெலெங் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.
சரிவில் சோளம் போடுகிறவள்,
விதைப்பைப் பார்த்தால் தெரியும் அவளுக்கு.
நெருக்கமாக விழுந்திருக்கிறது, என்றாள்.
யார் விதைத்தது?

டாக்டர் தொண்டையைச் செருமினார்.
அதற்குள் அவளே, படத்திடம் சொல்வதுபோல்:

கிறிஸ்துமஸுக்கு வெல்கோமிலிருந்து வந்தான் மொசியுவா,
சுரங்கத்தில் கணக்குத் தீர்த்து அனுப்பிய பின்.
ஒரு ரேடியோ, ஒரு ஜோடி பூட்ஸ், ஓர் இருமல்.
மகளைப் பார்த்ததே அப்போதுதான்.
நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குவான்.
கீழே வை என்றால் கேட்கமாட்டான்.
நான் சிரித்தேன். நான்தான் சிரித்தேன்.

முதுகில் ஊசி போட்டு எடுத்த நீர்
தெளிவாகத்தான் சொட்டியது.
குழாயில் ஓர் இரவு நிற்கவைத்தால்
விடியலில் அதற்குள் ஒரு நூலாம்படை.
தலைக்குள்ளும் விளைந்திருந்தது.

நான்கு மருந்து, தண்ணீரில் கரைத்து, மூக்குக் குழாயில்.
மறுநாளே இடுப்புத் துணி செம்மஞ்சளானது,
ரத்தம் என்று ஓடிவந்தாள்.
மருந்தின் நிறம், என்றேன்.
வேலை செய்கிறதா?
உள்ளே போயிருக்கிறது. அவ்வளவுதான் தெரியும்.

செப்டம்பரில் பீச் மரங்கள் பூத்தன.
வலது கை விரியவில்லை.
நோய்க்கு முன் பதினொரு சொல் தெரியுமாம்,
தாய் எண்ணி வைத்திருந்தாள்:
தண்ணீர், குதிரை, போ, இன்னும், இன்னும்.
ஒன்றுமில்லை இப்போது.
எதிர் வார்டின் கம்பிவலைக்கு அப்பாலிருந்து
மொசியுவா தினம் இரண்டு வேளை கையசைத்தான்.
குழந்தை ஜன்னலைப் பார்த்தது.
அல்லது அவனை.

நேற்று மறுபடியும் படம்.
ஜெனரேட்டர் முதல் இழுப்பிலேயே பிடித்தது;
அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை.
தட்டு சில்லிட்டிருந்தது. முதுகு பட்டதும்
வாய் கோணி, மூக்கு சிவந்து,
இடது கையால் என்னை அறைந்து
வீறிட்டாள்.
படம் கலங்கிவிட்டது.

திரும்ப எடுக்க வேண்டும், என்றேன்.

கொஞ்சம் இருங்கள், என்றாள் என்தபெலெங்.
அழட்டும்.