தடைக்காலம்

அறுபத்தொரு நாள் கடலுக்குப் பூட்டு.
பாம்பன் தெற்குவாடியில் படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சும்மா நிற்கின்றன.
நானும்.

போனைத் தேய்த்தபடியே
'படி, படி' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.
ரெக்சலின் கேட்டாள்:
'நீ என்னப்பா படிக்கிற?'
குத்திக்காட்டவில்லை.
அதனால்தான் குத்தியது.

மறுநாள் கிளை நூலகம்.
'பிள்ளைக்கா?' என்றார் பதிவேட்டைப் பிரித்தவர்.
'எனக்கு' என்றேன்,
சுருக்குமடி வலையோடு பிடிபட்டவன்போல.

கடலே உறைந்து ஒரு கப்பலைப் பிடித்துவைத்த கதை.
ஐஸை நான் பார் கணக்கில் அறிவேன்.
கடல் முழுக்க ஐஸ் என்றால்
என்ன விலைக்கு விற்பார்கள்?

இரண்டு நாளுக்கு ஒருமுறை
படகில் ஊறிய தண்ணீரை இறைக்கப் போவேன். அவளும் வருவாள்.
இறைத்து முடித்து, அணியத்து நிழலில் விரித்தேன்.
எட்டாம் வகுப்போடு கடலேறியவன்.
உதடு அசையும். வரிக்கு அடியில் விரல் ஊரும்.
முதல் பக்கம் முடிவதற்குள்
நிழல் நகர்ந்து முதுகில் வெயில்.

அவள் நண்டு துரத்தினாள்.
நங்கூரக் கயிற்றில் தொங்கினாள்.
'அம்மா சோறு ஆக்கியிருக்கும்' என்றாள், இரண்டு தடவை.
நான் கூப்பிடவில்லை.
கூப்பிட வாய் வந்ததை மறைப்பதற்கில்லை.

நாலாவது முறை.
கப்பலின் சமையல்காரன்
கேப்டனின் தொப்பியில் மாவு சலித்தான்.
சிரித்துவிட்டேன்.
'என்னப்பா?'
'இரு, பக்கம் முடியட்டும்.'

தோளில் ஒரு தாடை வந்து ஊன்றியது.
என்னைவிட வேகம் அவள்.
அடிவரியைத் தொட்டுவிட்டாள், காதருகே மூச்சு:
'திருப்பவா?'
'எனக்கு இன்னும் ஏழு வரி இருக்கு.'
காத்திருந்தாள்.
வலை கனக்க எத்தனையோ இரவு காத்திருக்கிறேன்,
எனக்காக ஒருவர்
வரி வரியாய்க் காத்தது அன்றுதான்.

பிறகு அவளுக்கென்று தனியாக ஒன்று எடுத்தாள், மெலிசாக.
வீட்டில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு பேர்,
இரண்டு புத்தகம், பேச்சில்லை.
'ரெண்டு பேருக்கும் காது போச்சா?' என்று
பிரகாசி மீன்குழம்பை மூடிவைத்தாள்.

தடை நீங்கிய இரவு
டீசல், ஐஸ், டோக்கன், கூச்சல்.
புத்தகத்தைப் பாலித்தீனில் சுற்றி
கேபினில் செருகினேன்.

வலை இறங்கியிருந்த விடிகாலை.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
ஓரத்தில் பென்சில்:
'அப்பா, இந்தப் பக்கம் கஷ்டமா இருக்கும்.
தாண்டிப் போயிடாத.'

எனக்குத் தெரியாமல் முன்னால் போயிருக்கிறாள்.

நூலகப் புத்தகத்தில் கிறுக்கலாமா என்று
கரைக்குப் போய்த் திட்ட வேண்டும்.
முதலில்
பக்கம் முடியட்டும்.