தறி ஓட்டிக் காட்டுங்க

கார்த்திகை மழையில்
தறிக்கொட்டகையின் மேற்குச் சுவர்
ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்தது.
விழவில்லை.
விழுந்திருந்தால் தாலுகா ஆபீசில்
மனுவாவது கொடுத்திருக்கலாம்.
சாய்ந்த சுவருக்குப் பள்ளிப்பட்டில்
எந்த மேசையிலும் பதில் இல்லை.

முதலில் வந்தவர் பெயர் செங்கல்வராயன்.
பெயரிலேயே செங்கல் இருக்கிறதே என்று
பதினைந்தாயிரம் எண்ணிக் கொடுத்தேன்.
ஒரு லோடு எம்-சாண்ட் வந்து இறங்கியது.
மூன்று நாள் அதன்மேல் நாய் படுத்தது.
நாலாம் நாள் முதல் அவர் எண்ணில்
ஒரு பெண் தெலுங்கில் மன்னிப்புக் கேட்கிறாள்.
எல்லை தாண்டிவிட்டார் என்று
அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்தவர்
பைக்கை அணைக்காமலே சுவரைப் பார்த்தார்.
"பூசிட்டா தெரியாதுங்க."
யாருக்குத் தெரியாது என்று கேட்பதற்குள்
கியர் மாற்றிவிட்டார்.

நகரிக்குப் பாவு நூல் எடுக்கப் போன அன்று
எடைமேடை நாகபூஷணம்
யாரையோ வைதுகொண்டிருந்தார்.
"அந்தத் தாமோதரத்தை மட்டும் கூப்பிடாதேம்மா.
தானே கட்டின சுவரைத் தானே இடிச்சான்,
நாலு வரிசை.
தூக்குக்குண்டு விட்டானாம், அரை இஞ்சு போச்சாம்.
அரை இஞ்சை எவன் வந்து பார்க்கப்போறான்?
மூணு நாள் என் லாரியெல்லாம் ரோட்டுல.
கேட்டா, அந்த நாள் கூலி வேணாம்னு சொல்றான்.
திமிரு."
அவர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்.
நான் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

சுவரையும் போய்ப் பார்த்தேன்.
கிரானைட் லாரி பின்வாங்கும்போதெல்லாம்
காலடி மண் நடுங்குகிறது.
ஒரு கீறல் இல்லை.
நாகபூஷணம் அதைச் சிமெண்ட் விளம்பரத்துக்கு
வாடகைக்கு விட்டிருக்கிறார்.

தாமோதரம் ஞாயிற்றுக்கிழமை வந்தார்,
ஆந்திரா நம்பர் மொபெட்டில்,
பின்னால் ஈஸ்வரம்மா.
சித்தாளா என்று கேட்டேன்.
"கணக்கு," என்றாள்.

டேப்பை எடுக்கவில்லை அவர்.
"தறி ஓட்டிக் காட்டுங்க."
இன்றைக்கு லீவு, ஆள் இல்லை என்றேன்.
"அப்ப நாளைக்கு வர்றேன்."
மொபெட்டை நோக்கி நடந்தேவிட்டார்.
நானே போய் சுவிட்சைப் போட்டேன்.

நாலு தறியும் இரைய ஆரம்பித்தன.
உள்ளங்கையைச் சுவரில் வைத்து
காய்ச்சல் பார்ப்பதுபோல் நின்றார்.
அங்கே, கொஞ்சம் தள்ளி, மறுபடி அங்கே.
பிறகு என் கையைக் காட்டச் சொல்லி
வைக்கவேண்டிய இடத்தைக் காட்டினார்.

"ஆத்துத் தண்ணி பாதிதாம்மா.
மிச்சம் இந்தத் தறி.
இதுக்கு அடியில தனி மேடை போடணும்,
சுவரோட ஒட்டக்கூடாது.
செலவு கூடும்.
சொல்லாம கட்டினா
ரெண்டு வருசத்துல திரும்பக் கூப்பிடுவீங்க."

பன்னிரண்டு வருடமாக
இந்தச் சத்தத்தில்தான் சாப்பிடுகிறேன்.
அது சுவருக்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது என்று
ஒருநாளும் தோன்றியதில்லை.

ஈஸ்வரம்மா கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கம்
தெலுங்கில் எழுதினாள்.
எண்கள் மட்டும் எனக்குப் புரிந்தன.
படித்துச் சொல்லச் சொன்னேன்.
சிமெண்ட் ரசீது என் பெயரில்.
பழைய கல்லில் தேறுவது கழித்து மீதிக் கல்.
அஸ்திவாரம் தோண்டின பிறகே முன்பணம்.
"இடிச்சுத் திரும்பக் கட்டினா?"
"அது எங்களுது."
பேரம் பேசினேன், பழக்கதோஷம்.
ஐநூறு குறைத்தாள்.
அவர் அவளை முறைத்தார்.

வியாழன் காலை ஆறு மணிக்கு
வேலை தொடக்கம் என்று பேச்சு.
ஐந்தேகாலுக்குப் போன் அடித்தது.

"அம்மா, புத்தூர்ல மச்சான் போயிட்டாரு.
இன்னிக்கு வர முடியாது. சனிக்கிழமை வந்துடறேன்.
வானம் ஒரு மாதிரி இருக்கு,
மணல் மேல படுதா போட்டு வைங்க."

வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.
வராத கொத்தனார்கள் எனக்குப் புதிதில்லை.
வரமாட்டேன் என்று சொல்ல
விடியுமுன் எழுந்தவர் இவர் ஒருவர்தான்.
அந்தச் சந்தோஷத்தில்
துக்கம் விசாரிக்க மறந்தது
அப்புறம்தான் உறைத்தது.

படுதாவைத் தேடி எடுத்தேன்.
நாயை எழுப்ப வேண்டியிருந்தது.