நடுக்கோடு

நாலாயிரத்து இருநூறு ஜோடி பட்டாளத்து பூட்ஸ்
துத்திப்பட்டு கிடங்கில், பதினொரு நாளாய்.
நாக்கில் தைக்கும் துணிச்சீட்டு மட்டும் பாக்கி.

சீட்டில் இரண்டு நாட்டின் பெயர்.
நடுவே ஒரு கோடு,
ஊசி இரண்டு முறை இறங்கினால் மறைந்துவிடும் நீளம்.

வாங்குகிறவர் எழுதினார்: தைக்காதீர்கள்.
மறுநாள்: தையுங்கள்.
வெள்ளிக்கிழமை, முதலாளி ஜும்மா முடிந்து
தொப்பியை மடித்துக்கொண்டே வரும்போது
மூன்றாவது கடிதம்:
பணம் எந்தக் கருவூலத்திலிருந்து என்பது
வசந்தத்துக்குப் பிறகே தெரியும்.

வசந்தம் எந்த மாசம் சார், என்றாள் எப்சிபா.
ஆம்பூரில் யாருக்குத் தெரியும்.
போனில் தேடி, மார்ச்சு என்றேன்.
அவளுக்கு ஜோடிக் கணக்கில் கூலி.

அவங்களுக்குள்ள என்ன சண்டை?
சண்டை இல்லை. கிட்டத்தட்ட ஒரே பாஷை.
ஒருத்தரிடம் கடல், ஒருத்தரிடம் ஜனம்.
மூன்று வருஷம் சேர்ந்திருந்து பார்ப்பதாய் ஒப்பந்தம்;
இது மூன்றாவது.
எங்க அக்கா வீட்லயும் அதான் சார்,
கரண்ட்டு மீட்டர் ஒண்ணு, அடுப்பு ரெண்டு,
என்று டிபன் பாக்ஸை வழித்தாள்.

என் பத்தாங்கிளாஸ் சான்றிதழில் வட ஆற்காடு.
கல்யாணப் பத்திரத்தில் வேலூர்.
மகளின் சாதிச் சான்றிதழில் திருப்பத்தூர்.
வீடு அதே வீடு,
பாலாற்றுப் பக்கம் டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்றாவது.
எங்களை யாரும் கேட்கவில்லை.
அவர்களைக் கேட்கப் போகிறார்களாம்,
பெட்டி வைத்து, ஆம் அல்லது இல்லை.
இதற்குப் பெயர் பொறாமையா, தெரியவில்லை.

இடது, வலது என்று உவமை நாக்குவரை வருகிறது.
வேண்டாம்.
ஒன்று தொலைந்தால் மற்றது குப்பைக்குப் போவது பூட்ஸ்.
நாடு அப்படியில்லை,
ஒற்றையாகவும் விலை போகும்.

சனிக்கிழமை முதலாளி சொன்னார்:
புது ரோல் அடிக்கக் காசு இல்லை.
பிரிந்தால், இருக்கிற சீட்டை நடுவில் வெட்டு.
இடதில் ஒருவர் பெயர், வலதில் ஒருவர் பெயரா என்று
நான் கேட்கவில்லை.

எப்சிபா ஒன்றை வெட்டிப் பார்த்தாள்.
மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு.
கோடு எந்தப் பக்கம் சார் போவணும்?

அது கத்தரிக்கோலில்
நூல்பிசிறோடு ஒட்டிக்கொண்டிருந்தது.
ஊதினாள்.

வெளியே ஐந்தரை பஸ்
விண்ணமங்கலத்துக்கு ஹாரன் அடித்தது.