ஒன்றரை நொடி

பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே
ராத்திரி ஒன்பதுக்கும் மணல் சுடுகிறது.
ஸ்பீக்கர் வைத்தால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்,
போன மாதம் போனோம்.
அதனால் ஆளுக்கொரு ஹெட்போன்.

‘நூத்தி இருபத்தெட்டா?’
கேட்டதும் சிரித்தால் நம்மாள்.
அப்படித்தான் கிடைத்தாள் ஜெசிந்தா,
ஆஸ்பத்திரி லிஃப்டில்
விரலால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவள்.
ஆம்பூர் ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடித்து
பசை வாசனையோடு முதஸ்ஸிர் வருவான்.
எண்ணுவதும் அவன்தான்:
தீன், தோ, ஏக்.
எல்லாரும் ஒன்றாய் அழுத்துவோம்.

கிருபாகரனின் உடைந்த போனுக்கு மட்டும்
ஒன்றரை நொடி பின்னால்தான் எல்லாம்.
பீட் விழுந்து
நாங்கள் குதித்து இறங்கும்போது
அவன் அப்போதுதான் மேலே போவான்,
கண்ணை மூடிக்கொண்டு,
தனியாக இருப்பது தெரியாமல்.
‘லேட்டு’ என்றே பெயர் வைத்தோம்.
அதற்கும் லேட்டாகத்தான் திரும்பினான்.

சித்திரையில் ஓசூருக்கு
வேலைக்குப் போய்விட்டான்.

நேற்று பீட் விழுந்தது.
பத்துப் பேரும் கையைத் தூக்கியபடி
குதிக்காமல் நின்றோம்.
யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.
மேலே காட்பாடி பஸ் ஒன்று
பாலத்தை அதிரவிட்டுப் போனது.

அப்புறம் குதித்தோம்.