கோட்டின் நிறம்

நாக்கு நுனியால் தாளின் இரு பக்கமும் தொட்டுப் பார்த்தேன்.
எதுவும் ஒட்டவில்லை.
அச்சுக்கென்று பிறந்த தாளில்லை இது,
தூரிகைக்கும் தண்ணீருக்கும் வாழ்க்கைப்பட்டது.
சொரசொரப்பான பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

லியெபாயாவில் மார்ச் மாதம்,
ஜன்னல் இடுக்கெல்லாம் கடற்காற்று.
துணி துவைக்கும் இயந்திரத்தின் தலைமேல் என் பிரிண்டர்,
ஆகவே துவைக்கும் நாளில் படமில்லை.
பின்வாசல் வழியாக ஒவ்வொரு தாளாக ஊட்டவேண்டும்;
தடிமன் தொண்டையில் சிக்கினால்
விக்கி, சிவப்பு விளக்கைச் சிமிட்டும்.

படத்தில் ஸ்கைட்ரீட்டே.
கடைசி நிறுத்தம், காலி ட்ராம்,
கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டு,
கையில் பாதி உரித்த முட்டை.

முட்டைக்கு ஒரு சொட்டு மை செலவில்லை.
அந்த இடத்தில் வெறும் தாள்தான் முட்டை.
உரித்த பாதிக்கும்
தாளின் சொரசொரப்பு மறுபடி ஓடு போட்டுவிட்டது.

கோட்டுதான் படுத்தியது.
கறுப்பைக் குடித்துவிட்டுச் சாம்பலைத் துப்புகிறது தாள்.
முதல் தாளில் நிழலெல்லாம் நீலம் பாரித்தது.
மஞ்சளைக் கூட்டினேன், ஆறிப்போன டீ.
மையைக் கூட்டினேன்,
மடிப்பும் பொத்தானும் ஒரே குட்டையில் மூழ்கின.
நான்காவதில், சரியாக அவள் காலரில்,
உலர்ந்தபின் உதிர்ந்தது ஒரு பஞ்சிழை;
கீழே வெள்ளைப் புள்ளி.
பவுடர் பூசும் பிரஷ்ஷால் தாளைத் தட்டித் தட்டி
மூன்று இரவு.
ஏழாவது தாளில் வந்தது,
நீலமுமில்லாத பழுப்புமில்லாத
நான் கேட்ட கறுப்பு.
அல்லது அதற்கு அடுத்த வீடு.

ஞாயிறு வந்தாள்.
பூட்ஸை மிதியடியில் நெடுநேரம் தேய்த்தாள்,
படத்தை அதைவிட நெடுநேரம் பார்த்தாள்.
"முட்டை நன்றாக இருக்கிறது.
இந்தக் கோட்டு யாருடையது?"

"உன்னுடையதுதானே."

"என்னுடையது நீலம், விஸ்மா."

கதவுக் கொக்கியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது
கருநீலக் கோட்டு.
ஆறு வருஷமாய் அவள் ட்ராமில் ஏறுகிறேன்.
முதல்முறை வியூஃபைண்டரில் பார்த்தபோதே
அதன் சாயத்தை நான் பிழிந்துவிட்டிருக்க வேண்டும்.

குளிர்பெட்டிக் கதவில் காந்தம் பிடித்திருந்த
முதல் தாளை அவளே கழற்றினாள்.
"இது நான்."
பின்பக்கம் என் கையெழுத்தில்
பேட்டரி, சோப்புத்தூள், வெங்காயம்.
எழுதின தாளுக்கு விலை குறைக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அவள் போனபின்
ஏழாவது தாள் மேஜையில் கிடந்தது,
எவருடையதுமல்லாத கோட்டோடு.
வெங்காயம் இன்னும் வாங்கவில்லை.