பக்கிக்கு பைபாஸ்

இந்த ஊரில் பிக்கப் வண்டிக்குப் பக்கி என்று பெயர்.
தமிழ்நாட்டிலிருந்து வந்த பூசாரி ஒருவர்
அதைக் கேட்டு வாய்பொத்திச் சிரித்தார்.
அங்கே அது வசவாம்.
இருக்கட்டும். வெள்ளிக்கிழமை விடியாத நாலரைக்கு
வெருலம் மேட்டில் அது அலறியபோது
நானும் வசவாகத்தான் சொன்னேன்.

பின்னால் எண்பது கட்டு கொத்தமல்லி,
இரண்டு மூட்டை கறிவேப்பிலை, ஒரு பெட்டி மதும்பிக் கிழங்கு.
முன்னால் நான், என் வீட்டுக்காரர் தனபாலன்,
ரப்பர் கருகும் வாடை.

ஏசி கம்ப்ரஸர் இறுகிவிட்டது.
குளிர் போனால் போகட்டும்.
ஆனால் இருப்பது ஒரே பெல்ட்.
பேட்டரிக்கு மின்சாரம், ஸ்டீயரிங்குக்குத் தெம்பு,
எஞ்சினுக்குத் தண்ணீர், எல்லாம் அது சுற்றினால்தான்.
ஒருவன் முரண்டு பிடித்தால்
மொத்தக் குடும்பமும் பட்டினி.
எந்தப் புண்ணியவான் யோசித்தானோ.

வூசி வந்தான், பல்லிடுக்கில் டார்ச்சோடு.
முழுப்பெயர் வூசுமூசி. என் வாயில் அவன் ஊசி.
பதினேழு வருடம் சட்டை ஃபேக்டரியில் தைத்தவளுக்கு
வேறெப்படி வரும்?

"புதுசு ஒன்பதாயிரம் ராண்ட், ஆன்ட்டி மோகி."
இருவரும் வானத்தைப் பார்த்தோம்.
அங்கேயும் ஒன்றுமில்லை.
"இல்லையென்றால் பைபாஸ்."
வீட்டுக்காரரின் கை தானாகச்
சட்டையின் இரண்டாம் பொத்தானுக்குப் போயிற்று.
"உங்களுக்கு இல்லை அங்கிள். பக்கிக்கு."

செத்ததைக் கழற்ற வேண்டாமாம்.
அது பாட்டுக்கு அங்கேயே தொங்கட்டும்,
ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு
பெல்ட்டை அதன்மேல் படாமல் ஓட்டிவிடலாம்.
நீளம் அளக்கக் கயிறு கேட்டான்.
கொத்தமல்லிக் கட்டுகளின் சணலை அவிழ்த்து
முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.
சக்கரம் சக்கரமாகச் சுற்றினான்,
மேலே, இடது, அடியில் நுழைந்து வெளியே.

டார்ச் இப்போது என் கையில்.
ஓவர்லாக் மிஷினுக்கு நூல் கோத்த கண் இது.
ஐந்து நூல்; ஒரு கொக்கி தவறினாலும்
அன்றைய கணக்கில் இருபது சட்டை குறையும்,
சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.

"ஊசி, நில்லு.
முதுகு உரச வேண்டிய இடத்தில் பல் உரசுது.
தண்ணீர் பம்ப் தலைகீழா சுத்தும்."

அவன் சணலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"ஹாவ்," என்றான், மூச்சை உள்ளே இழுத்து.
முழுசாக அவிழ்த்தான்.
இந்த முறை நான் சொல்லச் சொல்லச் சுற்றினான்.
தனபாலன் அந்தப் பக்கம் போய்
வெறும் டயரை உதைத்துக்கொண்டிருந்தார்.

ஏழரைக்குத்தான் ஸ்பேர்ஸ் கடை திறந்தது.
முதல் பெல்ட் தொளதொள.
இரண்டாவது ஒரு சென்டி குட்டை,
ஏற்றும்போது ஊசியின் கட்டைவிரல் நசுங்கியது.
அந்த ரத்தம் என் மார்க்கெட் ரசீதில் இன்னும் இருக்கிறது.
பெல்ட் முந்நூற்று எண்பது.
கூலி எவ்வளவு என்றேன். பதில் சொல்லாமல்
மதும்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.
கெட்டிக்காரன். இலையெல்லாம் வாடும், அது வாடாது.

சாட்ஸ்வர்த் போய்ச் சேரப் பத்தாகிவிட்டது.
பாதி கொத்தமல்லி தலை சாய்ந்திருந்தது.
ஐந்து ராண்ட் கட்டை இரண்டாக்கி விற்றேன்;
வாங்கியவர்கள் அதற்கும் பேரம் பேசினார்கள்.

திரும்பும்போது நவம்பர் வெயில்.
கண்ணாடி நான்கும் இறக்கிவிட்டோம்.
டொங்காட் பக்கம் கரும்புக்குத் தீ வைத்திருந்தார்கள்.
கறுப்புச் சாம்பல் சுருள் சுருளாக உள்ளே வந்து
வீட்டுக்காரரின் நரைத்த மார்பில்,
அந்த நீளத் தழும்பின் மேல் உட்கார்ந்தது.
தட்டிவிடாமல் அவர் கை நீட்டி
ஏசி பொத்தானை அமுக்கினார், பழக்கதோஷம்.

பச்சை விளக்கு எரிந்தது.
சூடாக ஊதியது.
"பரவாயில்லை," என்றார்,
"காத்து வருது."