நாலாம் பொத்தான்

மெல்கியோர் விட்டுப்போன தங்கூசியில்
ஏழு கட்டு.
பாகத்துக்கு ஒன்றாய்ச் சிவப்பு நூல்,
ஐந்தாவதில் மட்டும் இரட்டை.
இருட்டில் சிவப்பு எதற்கடா என்று அப்போது கேட்டேன்.
கடையில் அதுதான் மிஞ்சியிருந்தது,
எப்படியும் விரல்தானே பார்க்கப்போகுது என்றான்.

செட்டியார் தெருவில் ஆறு நாள்
பிறர் தங்கத்தை நிறுக்கிற கை
சனி இரவு
முகத்துவாரத்துக் கருங்கல் அணையில்
ஈயம் பிடிக்கும்.

களனி கலங்கி வந்து கடலுக்குள் நுழைகிற இடம்.
மேலே ஓர் ஓட்டம், அடியில் வேறோர் ஓட்டம்.
கொடுவா தரைக்கு ஒரு முழம் மேலே நிற்கும்.
ஈயம் தட்டினதும் ஒரு முழம் தூக்கி
அங்கேயே வைத்திருக்கவேண்டும்.
வீச்சுக்கு வீச்சு அந்த முழத்தைத்
தேடிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.
அதற்குத்தான் கட்டு.

ஆனால் பாகம் அவனுடையது.
கை விரித்தால்
நூற்றிமூன்றாம் இலக்க பஸ்ஸின்
இரண்டு பக்கக் கம்பியையும் தொடுகிறவன்.
அவனுக்கு ஐந்து என்றால் எனக்கு ஆறு.
மூன்று வருடமாக
அங்கே இல்லாத ஒரு நெஞ்சின் அகலத்தால்
கடலை அளந்துகொண்டிருந்தேன்.
மீன் பட்டது. ஆகவே திருத்தவில்லை.

ஐப்பசி வெள்ளத்தில் ஆறு
எந்த ஊர் மணலையோ கொண்டுவந்து இறக்கியது.
ஒரு கதவும் வந்தது, பூட்டோடு.
அதன் பிறகு ஏழு தட்டுவதில்லை.
இரட்டைக் கட்டு விரலைத் தாண்டுமுன்னே
ஈயம் கீழே குந்திவிடும்.
மீதி நூல் சேற்றில் பாய் விரித்துப் படுக்கும்.
இரண்டு மாதம் நண்டுகளுக்கு இறால் ஊட்டினேன்.

மாசியில் அவனிடமிருந்து ஒரு வீடியோ.
ஏரியின் மேல் நிற்கிறான்.
குதித்தும் காட்டுகிறான், விசரன்.
வாளி வாயளவு ஒரு துளை,
குறுக்கே பலகை, மடக்கிவைத்த சின்னக் கொடி.
மீன் இழுத்தால் கொடி எழும்புமாம்.
அதுவரை காருக்குள் ஹீட்டர் போட்டு
கச்சான் தின்பானாம்.

எனக்கு ஐஸ் என்றால்
பேலியகொடையில் சாக்குக்குள் போட்டுச்
சம்மட்டியால் உடைப்பது.
அதற்குள் இருக்கும் மீன் செத்திருக்கும்.
அவனுடைய ஐஸுக்கடியில்
அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது,
கடிப்பதா வேண்டாமா என்று.

‘கையுறையோட கட்டுத் தெரியாது மச்சான்’ என்று
நூலைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தான்.
ஒரு பொத்தான்.
ஒரு கண்ணால் இறங்கி மறு கண்ணால் ஏறுகிறது நூல்.
தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும்.
அங்கே அடியை ஒருதரம் அளந்தால் போதும்,
பனிக்காலம் முழுக்க அது அதேதான் என்றான்.
பிறகு, போனை அணைக்கப்போகிற நேரம்,
‘ஏழு இன்னும் தட்டுதா?’

ஒரு கிழமை பதில் போடவில்லை.

அடுத்த சனி, அணையில் உட்கார்ந்து
இறால் வெட்டுகிற கத்தியால்
என் சட்டையின் நாலாம் பொத்தானை அறுத்தேன்.
நாலு கண் பொத்தான்.
இரண்டில் நூல் போகிறது,
மற்ற இரண்டும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கின்றன.
திங்கட்கிழமை முதலாளியும் பார்த்தார்,
என் தொப்புளை.
தராசைத் துடை என்றார்.

மெல்கியோரின் கட்டுகளை நான் அவிழ்க்கவில்லை.
பொத்தான் அவற்றின் மேல் ஏறாது.
அவனுடைய நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான்
எனக்கு நடமாட்டம்.
அது போதுமாயிருக்கிறது.
மழை பெய்தால் இந்தப் பக்கம் இரண்டு விரல்,
வெயில் நீண்டால் அந்தப் பக்கம் இரண்டு.

விடியப்புறம் இரண்டரை.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் உறுமி அடங்கியது.
கொடி கிடையாது எனக்கு,
சுட்டுவிரல் இருக்கிறது.
அதன் மேல் நூல் ஒருதரம் துடித்து
யோசித்தது.

இழுபடுமுன்னே இடக்கையால் போனை எடுத்து
அவனுக்கு அனுப்பினேன்: தட்டுது.

எதில் என்று எழுத
நேரமிருக்கவில்லை.